கொழும்பில் சோனார் கொண்டு மீனின் அளவும் அசைவும் அறிவது: முதல் தடவை இறங்குபவர்களுக்கு

தண்ணீருக்குள் போகும் ஒவ்வொரு மீனும் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சோனாரால் (ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதியும் கருவி) அறிய விரும்புகிறீர்கள், கொழும்பில் இருக்கிறீர்கள், யாரிடம் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படியானால் இது உங்களுக்குத்தான். பட்ட மேற்படிப்புக்காக நான் இதில் இறங்கியபோது தண்ணீரில் வேலை செய்த நாட்கள் மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பது நாளுக்காக ஏழு மாதம் அலைந்தேன். முதல் மூன்று நாள் பதிவுகளை முழுக்கத் தூக்கி எறிய வேண்டி வந்தது. ஒழுங்காகச் செய்தால் இந்த ஏழு மாதத்தை மூன்றரை மாதமாகச் சுருக்கலாம்.

ஒரு விடயத்தை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் எண் மீனின் நீளம் அல்ல. திரும்பி வந்த ஒலி எவ்வளவு என்பது மட்டுமே அது. ஒலியிலிருந்து நீளத்துக்குப் போக இரண்டு பாலங்கள் வேண்டும்: கருவியின் அளவுத்திருத்தம் (எதிரொலி எவ்வளவு என்று முன்பே தெரிந்த பொருளை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது) ஒன்று, அந்த நீரில் என்ன மீன் இருக்கிறது என்ற அறிவு மற்றொன்று. இரண்டில் எது இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. ஆனால் கிடைக்கும் விடை பிழையாக இருக்கும், பிழை என்று உங்களுக்குத் தெரியவும் வராது.

1. எந்தக் கருவி என்று முதலில் முடிவெடுங்கள்

மூன்று வகை இருக்கிறது. மீனவர் படகுகளில் பூட்டியிருக்கும் சாதாரண மீன்காட்டி சில நூறு டொலருக்குக் கிடைக்கும். சில மொடல்கள் திரையில் மீன் உருவத்தைப் போட்டு அருகில் எண்ணும் காட்டும். அதை நம்பி ஆய்வு செய்யாதீர்கள். திரையில் வரும் வில் வடிவத்தின் நீளம், மீன் ஒலிக்கற்றைக்குள் எவ்வளவு நேரம் நின்றது என்பதைத்தான் காட்டுகிறது. அசையாமல் நிற்கும் சின்ன மீனும் நீண்ட வில்லாக வரும். ஆழம் பார்க்க, இடம் தேட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, ஸ்பிளிட் பீம் எதிரொலிமானி. ஒலிக்கற்றையின் நடுவில் ஒலி உரத்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். ஓரமாகப் போகும் பெரிய மீனும் நடுவில் போகும் சிறிய மீனும் ஒரே எதிரொலியைத் தரலாம். ஸ்பிளிட் பீமில் டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பு, பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எதிரொலி ஒவ்வொரு பகுதிக்கும் வந்துசேரும் கட்ட வித்தியாசத்தை வைத்து, மீன் கற்றையில் எங்கே நிற்கிறது என்று கருவி கணிக்கிறது. கணித்த பின் ஓரத்து இழப்பைச் சரிசெய்யலாம். தனி மீனின் இலக்கு வலுவை, அதாவது அந்த மீன் எவ்வளவு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை, அளக்க இதுதான் நல்ல வழி. விலை பல பத்தாயிரம் அமெரிக்க டொலர். வாங்க நினைக்காதீர்கள், கடனாகவோ வார வாடகைக்கோ எடுங்கள்.

மூன்றாவது, படச் சோனார். டிட்சன், ஆரிஸ் என்ற பெயர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிட்சன் 1.8 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் 96 மெல்லிய கற்றைகளை அனுப்பி, கிட்டத்தட்ட வீடியோ போன்ற படம் தருகிறது. மீனின் நீளத்தைத் திரையிலேயே அளக்கலாம், வால் அசைவதும் தெரியும். ஆனால் ஒவ்வொரு கற்றைக்கும் இடையில் 0.3 பாகை. 10 மீற்றர் தூரத்தில் அது 5 சென்ரிமீற்றர். அதாவது 15 சென்ரிமீற்றர் மீன் குறுக்கே மூன்று புள்ளிதான். 5 மீற்றரில் பார்த்தால் ஆறு புள்ளி. ஆகவே கிட்ட நிற்கும் மீனுக்கே இது பொருந்தும்.

என் கருத்து: கலங்கிய, ஆழமற்ற களப்பு அல்லது வாவி என்றால் படச் சோனார். 10 மீற்றருக்கு மேல் ஆழம் என்றால் 120 கிலோஹேர்ட்ஸ் ஸ்பிளிட் பீம். 7 பாகைக் கற்றை 5 மீற்றர் ஆழத்தில் 60 சென்ரிமீற்றர் அகலம்தான் இருக்கும், 30 மீற்றரில் மூன்றரை மீற்றருக்குச் சற்று மேல். ஆழம் குறைந்த இடத்தில் கீழ்நோக்கி ஸ்பிளிட் பீமை வைத்தால், நாள் முழுவதும் காத்திருந்தாலும் கற்றைக்குள் சில மீன்கள்தான் வரும். நான் அப்படி இரண்டு நாளை வீணாக்கினேன்.

2. இடமும் மாதமும்

முதல் தடவை கடலுக்குப் போகாதீர்கள். கொழும்புத் துறைமுகத்தைச் சுற்றிய பகுதியை நினைத்தும் பார்க்காதீர்கள், அது உயர் பாதுகாப்பு வலயம். பொல்கொட வாவியும் நீர்கொழும்புக் களப்பும் பழகுவதற்கு நல்ல இடங்கள். இரண்டிலும் கடல்நீர் கலக்கிறது; பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்கிறது. இதனால் உப்பின் அளவு இடத்துக்கு இடம், வற்றுப்பெருக்குக்கு ஏற்பவும் மாறும். 29 பாகை செல்சியஸ் நன்னீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1507 மீற்றர், அதே வெப்பநிலைக் கடல்நீரில் 1542. கருவியில் பழைய எண்ணை அப்படியே விட்டால் தூரமெல்லாம் பிசகும். ஒவ்வொரு நாளும் காலையில் வெப்பநிலையும் உவர்த்தன்மையும் அளந்து கருவியில் பதியுங்கள்.

மேற்குக் கரைக்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சின்னப் படகில் கருவியோடு அப்போது வெளிக்கிட முடியாது. அந்த மாதங்களைக் கடித வேலைக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் வேலைக்கு டிசெம்பர் கடைசி முதல் மார்ச் நடு வரை சிறந்தது. ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச் கடைசி, ஏப்ரலிலும் பிற்பகலில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். படகில் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாயோடு அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

சித்திரைப் புத்தாண்டைச் சுற்றிய இரண்டு வாரமும் படகும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. நீர்கொழும்புப் பக்கம் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. போயா தினங்களில் அரச அலுவலகங்கள் பூட்டு. நாட்காட்டியில் இவற்றை முதலே வட்டமிட்டு வைத்தால் பல நாட்கள் மிச்சமாகும்.

3. கடிதங்கள்: இங்கேதான் நாட்கள் போகின்றன

முதலில் ஒரு பக்கத் திட்டச் சுருக்கம் எழுதுங்கள். எல்லா இடத்துக்கும் இதுதான் போகும். அதில் இருக்க வேண்டியவை: கருவியின் பெயர், மீடிறன், வலு, எந்த நாட்கள், எந்த மணித்தியாலங்கள் (இரவு நேரமும் சேர்த்து), படகின் பதிவிலக்கம், படகில் ஏறும் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், தரவு யாரிடம் இருக்கும். இவற்றோடு இடத்தை ஆள்கூறுகளோடு குறித்த வரைபடம் ஒன்று. வரைபடம் இல்லாததால் ஓர் அலுவலகத்தில் என் கடிதம் ஐந்து வாரம் அசையாமல் கிடந்தது. குறை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நான் நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆகவே கடிதம் கொடுத்துப் பத்தாவது நாள் நேரில் போங்கள்.

யாரிடம் போவது? மீன் பிடித்து மாதிரி எடுப்பதற்கும் பொதுவான அனுமதிக்கும் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம். மாளிகாவத்தையில் புதிய செயலகக் கட்டிடத்தில் இருக்கிறது. அதற்கு முன் காக்கைத்தீவில் உள்ள நாராவுக்கு (அரசின் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம்) போய், மீன் ஒலியியல் தெரிந்த ஓர் ஆய்வாளரிடம் உங்கள் திட்டத்தைக் காட்டுங்கள். அங்கே கிடைக்கும் ஓர் ஆலோசனைக் கடிதம் மற்ற இடங்களில் பெரிய உதவி. பொல்கொட சுற்றாடல் பாதுகாப்புப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டது என்பதால் பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத வேண்டும். நீர்கொழும்புக் களப்பில் முத்துராஜவெல சரணாலயப் பக்கம் போவதென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். கடல் என்றால் கடற்படைக்கும் கரையோரக் காவற்படைக்கும் அறிவிக்க வேண்டும். மீன் உயிரோடு கையாளப்படுவதால் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி எல்லாவற்றுக்கும் முன்னே கையில் இருக்கட்டும். அந்தக் குழு மாதம் ஒரு தடவைதான் கூடுகிறது என்றால், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போயிற்று.

கடிதத்தைத் தமிழில் எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நானும் தமிழில்தான் எழுதினேன். ஆனால் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள், மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு காத்துக் கிடக்காது.

இன்னொரு பொறி. வெறுமனே "சோனார்" என்று எழுதினால் நீர்மூழ்கி தேடும் கருவியை நினைத்துக்கொள்கிறார்கள். "மீன் ஆய்வுக்கான எதிரொலிமானி" என்று எழுதி, அது என்ன செய்யும் என்று இரண்டு வரியில் விளக்குங்கள். அப்புறம் கருவி தானாகவே அடித்தள ஆழத்தையும் பதியும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆழத் தரவு பாதுகாப்போடு தொடர்புள்ளது. அதைத் தனியாக வெளியிட மாட்டோம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் பின்னால் கேள்வி வராது. வெளிநாட்டவர் யாராவது படகில் ஏறுவார் என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள், அதற்கான அனுமதிப் பாதையே வேறு.

எல்லாவற்றுக்கும் சேர்த்து பத்து வாரம் ஒதுக்குங்கள்.

4. சுங்கம்

கருவி வெளிநாட்டிலிருந்து வாடகைக்கு வருகிறது என்றால், அதை விற்பனைப் பொருளாக இறக்காமல் தற்காலிக இறக்குமதியாகக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்போகும் பொருளுக்கு முழு வரி கேட்பார்கள். பெட்டி புறப்படும் முன்பே புறக்கோட்டை பிரதான வீதியில் உள்ள சுங்கத் தலைமையகத்துக்கு நேரில் போய், என்ன உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்த பின் கேட்கத் தொடங்கினால் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். எனக்கு அப்படித்தான் ஆனது, பதினொரு நாள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், பெறுமதி குறித்த விலைப்பட்டியல், ஒவ்வொரு துண்டின் தொடரிலக்கத்தோடு கூடிய பொதிப்பட்டியல், பல்கலைக்கழகக் கடிதம், திருப்பி அனுப்பும் திகதி. தொடரிலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் திரும்பிப் போகும்போது அதே பொருள்தான் என்று நிரூபிக்கச் சிரமம்.

யாராவது கருவியைப் பயணப் பொதியில் கொண்டுவந்தால் லித்தியம் பற்றரியைக் கவனியுங்கள். 100 வோற்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-க்கு மேல் பயணப் பொதியில் கொண்டுவரவே முடியாது. பற்றரியை இங்கேயே வாங்குங்கள்.

5. படகும் குழாயும் மின்சாரமும்

நான் எடுத்தது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு. நாளுக்கு 18,000 ரூபா, எரிபொருள் தனி, இரவு வேலைக்கு 5,000 கூட. படகுக்காரரிடம் பேசும்போது பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அது அனுமதிக் கோப்புக்கும் தேவை. உயிர்காப்பு அங்கி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வயது போன தொழிலாளி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். எனக்குக் கிடைத்த ஐயா மீன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்று சொன்னது பெரும்பாலும் பதிவில் அப்படியே வந்தது.

டிரான்ஸ்டியூசரைப் படகின் பக்கவாட்டில் நீருக்குள் பிடித்து வைக்க இரும்புக் குழாயும் பிடியும் வேண்டும். பழைய சோனகத் தெருவில் குழாய் வாங்கி, பஞ்சிகாவத்தையில் ஒட்டுவித்தேன், மொத்தம் 14,000 ரூபா. குழாய் சிறிது ஆடினாலும் மீனின் பாதை வளைந்து வளைந்து வரும், ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். பொல்கொடவில் முதலை இருக்கிறது. பூட்டுவதற்காகத் தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் வைத்தே பூட்டிப் பழகுங்கள்.

மின்சாரத்துக்கு இன்வேர்ட்டர் பாவிக்காதீர்கள். லப்டொப்புக்காக நான் கொண்டுபோன இன்வேர்ட்டர் எதிரொலிப் படம் முழுவதும் சாய்ந்த கோடுகளாக இரைச்சலைப் போட்டது. 12 வோல்ற் பற்றரியிலிருந்து நேராகக் கருவிக்குக் கொடுங்கள், லப்டொப் தன் பற்றரியிலேயே ஓடட்டும். படகின் இயந்திரத்தை நிறுத்தி, நங்கூரம் போட்டுப் பதிவு செய்யுங்கள். இயந்திரச் சத்தம் கருவிக்கும் கூடாது, மீனும் விலகி ஓடும்.

6. அளவுத்திருத்தம்: இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண்

என் முதல் மூன்று நாள் பதிவுகள் போனது இதனால்தான். கருவியோடு தொழிற்சாலைச் சான்றிதழ் வந்தது, அது போதும் என்று நினைத்தேன். குளிர்நீர்த் தொட்டியில் அளந்த எண் நம் 29 பாகைத் தண்ணீருக்குப் பொருந்தாது.

ஒரு டெசிபெல் பிழை சின்னதாகத் தோன்றும். ஆனால் நீளத்தில் அது 12 வீதம். நிறை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பப் போவதால் நிறையில் 41 வீதம். மூன்று டெசிபெல் பிசகினால் ஒரு கிலோ மீனை இரண்டே முக்கால் கிலோவுக்கு மேல் என்று எழுதுவீர்கள்.

செய்முறை இது. 38.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள தங்ஸ்தன் காபைட் குண்டு ஒன்று வேண்டும். அதன் எதிரொலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கணக்கிட்டு அறியப்பட்டது. 38 கிலோஹேர்ட்ஸில் ஏறத்தாழ −42 டெசிபெல். உங்கள் மீடிறனுக்கும் அன்றைய வெப்பநிலை, உவர்த்தன்மைக்கும் ஏற்ப அந்த எண்ணைக் கணித்துக்கொள்ளுங்கள். குண்டை மெல்லிய தங்கூசியால் பின்னிய சிறு பையில் போட்டு, படகின் மூன்று பக்கத்திலிருந்து மூன்று தங்கூசியால் டிரான்ஸ்டியூசருக்குக் கீழே தொங்கவிட வேண்டும். குறைந்தது 6 மீற்றர் கீழே இருந்தால் நல்லது, டிரான்ஸ்டியூசருக்கு மிகக் கிட்டே உள்ள அளவீடு நம்பத் தகாது. இறக்குவதற்கு முன் குண்டையும் தங்கூசியையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு காற்றுக்குமிழ் ஒன்றே அளவைக் கெடுத்துவிடும். குண்டை வெறும் கையால் திரும்பத் தொடாதீர்கள்.

பிறகு மூன்று பேர் மூன்று தங்கூசியையும் மெதுவாக இழுத்தும் விட்டும் குண்டைக் கற்றையின் நடுவிலும் ஓரங்களிலும் எல்லாப் பக்கமும் கொண்டுபோக வேண்டும். முதல் தடவை எங்களுக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது, பழகிய பின் ஒன்றரை. காற்று எழும்பும் முன், விடியற்காலையில் செய்யுங்கள். இரவில் செய்தால் குண்டைச் சுற்றி மீன் வந்து குழப்பும். வேலை தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை. பதிவு செய்யும்போது பாவிக்கப்போகும் அதே வலு, அதே துடிப்பு நீளம் (ஒரு தடவை ஒலி அனுப்பப்படும் நேரம்), அதே கேபிள். இவற்றில் எதை மாற்றினாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

7. பதிவு செய்யும்போது

துடிப்பு நீளம் முக்கியம். 1.024 மில்லிசெக்கன் துடிப்பில், ஆழத்தில் 79 சென்ரிமீற்றருக்குக் கிட்டே நிற்கும் இரண்டு மீன் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய மீனாகத் தெரியும். 0.128 என்றால் அந்த இடைவெளி 10 சென்ரிமீற்றர். தனி மீன்தான் உங்கள் நோக்கம், ஆகவே குறுகிய துடிப்பு. வலுவைக் கூட்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 120 கிலோஹேர்ட்ஸ் 7 பாகை டிரான்ஸ்டியூசருக்கு 250 வோற்றுக்கு மேல் போனால் தண்ணீரிலேயே ஒலி உருக்குலைந்து அளவு பிழைக்கும்.

சாளை, சூடை போன்றவை பகலில் கூட்டமாக நிற்கும். கூட்டத்துக்குள் தனி மீனைப் பிரிக்கவே முடியாது. மென்பொருள் ஏதோ ஒன்றைப் பிரித்துத் தரும், அதை நம்பினால் அளவு பெருத்துக் காட்டும். பொழுது பட்ட பின் அவை கலைந்து பரவும். அப்போதுதான் உங்கள் வேலை. அனுமதிக் கடிதத்தில் இரவு நேரத்தையும் கேட்கச் சொல்வது இதற்குத்தான். நான் பகலுக்கு மட்டும் கேட்டு, திருத்தக் கடிதம் கொடுத்து, இன்னும் மூன்று வாரம் காத்திருந்தேன்.

மூலத் தரவை அப்படியே சேமியுங்கள். லப்டொப்பின் கடிகாரத்தையும் வலை போட்ட நேரக் குறிப்பையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். சில கருவிகள் உலக நேரத்தில் பதியும், நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம்.

8. மீனைக் கையில் எடுத்து அளவுங்கள்

வெவ்வேறு கண்ணளவுள்ள வலைகளைப் பாவியுங்கள். ஒரே கண்ணளவு ஒரே பருமன் மீனைத்தான் பிடிக்கும். தங்கூசி வலை தடை செய்யப்பட்டது. படகுக்காரர் "இது நல்லாப் பிடிக்கும்" என்று எடுத்து வந்தாலும் ஏற்க வேண்டாம். உங்கள் அனுமதி முழுவதும் இரத்தாகிவிடும். பிடித்த மீனின் இனம், நீளம், நிறை, பிடித்த ஆழம், நேரம் எல்லாம் எழுதுங்கள்.

தண்ணீர் வேலைக்கு முன் ஒரு நாள் விடியப்புறம் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய், உங்கள் பகுதியில் கிடைக்கும் இனங்களில் ஒவ்வொன்றாக வாங்கி வந்து வயிற்றைத் திறந்து பாருங்கள். காற்றுப்பை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காற்றுப்பை உள்ள மீனின் எதிரொலியில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் அந்தப் பையிலிருந்தே வருகிறது, சதையும் முள்ளும் கொடுப்பது கொஞ்சம்தான். பலயா என்று இங்கே விற்கும் சூரைக்குக் காற்றுப்பை இல்லை. அதே நீளமுள்ள காற்றுப்பை மீனோடு ஒப்பிட்டால் அது மிக மெல்லிய எதிரொலியே தரும், இனம் தெரியாமல் பார்த்தால் சின்ன மீன் என்று எழுதிவிடுவீர்கள். எனக்கு இந்த வேலை முழுவதும் விளங்கியது வெள்ளவத்தை அறையில் அந்த மீன்களை வெட்டிப் பார்த்த அன்றுதான்.

9. எதிரொலியிலிருந்து நீளத்துக்கு

மென்பொருளுக்குப் பணம் இல்லை என்றால் ஈஎஸ்பி3 இலவசம். அதில் தனி இலக்குகளைப் பிரிக்கவும் பாதையாகக் கோக்கவும் முடியும். பைதன் தெரிந்தவர்களுக்கு எக்கோபைப் இருக்கிறது. எக்கோவியூ வசதியானது, ஆனால் உரிமக் கட்டணம் கூட.

பொதுவான சூத்திரம்: இலக்கு வலு = 20 × நீளத்தின் மடக்கை − ஒரு மாறிலி. நீளம் சென்ரிமீற்றரில். ஹெரிங் குடும்ப மீன்களுக்கு 38 கிலோஹேர்ட்ஸில் அதிகம் பாவிக்கப்படும் மாறிலி 71.9. அதன்படி 15 சென்ரிமீற்றர் மீன் −48.4 டெசிபெல், 30 சென்ரிமீற்றர் மீன் −42.4. நீளம் இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும். சரி, இதை அப்படியே எடுத்து நம் சாளைக்குப் போடலாமா? கூடாது. அந்த எண் வட அத்லாந்திக் மீன்களிலிருந்து வந்தது. 120 கிலோஹேர்ட்ஸில் வேறு இனத்தைப் பார்க்கும்போது, நீங்கள் வலையில் பிடித்து அளந்த நீளங்களின் பரம்பலையும் பதிவில் வந்த இலக்கு வலுவின் பரம்பலையும் பக்கத்தில் வைத்து, உச்சங்கள் பொருந்துமாறு உங்கள் மாறிலியைக் கண்டுபிடியுங்கள். எட்டாம் படி இல்லாமல் இது முடியாது.

ஒரே மீன் தலையைச் சற்றுச் சாய்த்தாலே எதிரொலி 10 டெசிபெல் கூட மாறலாம். ஆகவே ஒற்றை எதிரொலியை வைத்து ஒரு மீனின் நீளத்தைச் சொல்லாதீர்கள். ஒரே பாதையில் ஐந்து எதிரொலியாவது சேர்ந்தால் சராசரி எடுங்கள். சராசரியை டெசிபெலில் எடுப்பது எல்லோரும் விடும் பிழை. −40, −50 இரண்டின் சராசரி −45 அல்ல. இரண்டையும் சாதாரண எண்ணாக மாற்றிச் சராசரி எடுத்து, மீண்டும் டெசிபெலாக்கினால் −42.6 வரும்.

படச் சோனாரில் இந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் மீன் உங்களை நோக்கி நேரே வரும்போது நீளம் குறைந்து தெரியும். பக்கவாட்டாகத் திரும்பும் படச்சட்டங்களை மட்டும் தெரிவு செய்து, மூன்று நான்கு தடவை அளந்து பாருங்கள்.

10. அசைவைப் படிப்பது

ஒவ்வொரு பிங்கிலும் (கருவி ஒரு தடவை அனுப்பும் ஒலித்துடிப்பு) மீனின் இடம் தெரிவதால், அடுத்தடுத்த இடங்களைக் கோத்தால் பாதையும் வேகமும் கிடைக்கும். செக்கனுக்கு ஐந்து முதல் பத்து பிங் வரை வையுங்கள். கோண அளவீட்டில் எப்போதும் சிறு நடுக்கம் இருக்கும். அதைச் சமப்படுத்தாமல் புள்ளிக்குப் புள்ளி தூரத்தைக் கூட்டினால், சும்மா நிற்கும் மீனும் வேகமாக ஓடுவதாக வரும். பாதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான தூரத்தையும் கணித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். நீரோட்டத்தைக் கழிக்கவும் மறக்க வேண்டாம். மிதந்து போகும் குப்பை, இலைகளின் பாதையே நீரோட்டத்தின் வேகத்தைக் காட்டிவிடும்.

சேற்று அடித்தளமுள்ள வாவியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சேற்றிலிருந்து எழும்பும் வாயுக்குமிழ்கள் மீன் மாதிரியே எதிரொலி தரும். நான் இருநூறுக்கு மேற்பட்ட "மேலெழும் மீன்"களை எண்ணி, மேற்பார்வையாளருக்கு அனுப்பியும் விட்டேன். குமிழ் செக்கனுக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் வேகத்தில், திரும்பாமல், நிற்காமல், மேலே மட்டும் போகும். மீன் அப்படிப் போவது அரிது. அந்த வேகத்தில் நேர் மேலே போகும் பாதைகளை முதலில் வடிகட்டி எடுத்துவிட்டு, மற்றதைப் பாருங்கள்.

11. முடித்துத் திருப்பி அனுப்புதல்

கடைசி நாள் அளவுத்திருத்தம் முடிந்ததும் டிரான்ஸ்டியூசரை நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அதன் முகத்தைச் சுரண்டக் கூடாது, மென்மையான துணி போதும். தரவின் இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்.

இறக்குமதிப் பத்திரத்தின் மூலப்பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், முகவரிடம் விட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது சுங்க அதிகாரி தொடரிலக்கங்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக் கையொப்பமிட்ட பின்தான் உத்தரவாதம் விடுவிக்கப்படும். அதற்கு விமானத்துக்கு நான்கு வேலை நாள் முன்பே போங்கள், அந்த நான்கு நாளுக்குள் போயா வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.